ஹைபிரிட் என்றால் மலட்டு விதை இல்லை

அண்ணாச்சி, "பாக்கெட்டில் வரும் ஹைபிரிட் காய்கறி விதை எல்லாமே மரபணு மாற்றியது, அதில் எடுத்த விதை முளைக்காது, நாட்டு விதை மட்டும் வாங்குங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டுமே தப்பு. ஹைபிரிட் என்பது ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்த்து எடுப்பது, அவ்வளவுதான். மரபணு மாற்றிய 'பிடி' (Bt) கத்தரியைக்கூட 2010-லேயே மத்திய அரசு கடைக்கு வராமல் நிறுத்தி வைத்துவிட்டது.

ஹைபிரிட் தக்காளியில் எடுத்த விதை நன்றாகவே முளைக்கும். ஆனால் ஒரு செடியில் உருண்டை, அடுத்ததில் நீளம் என்று காய் ஆளுக்கொரு மாதிரி வரும். வருஷா வருஷம் விதை எடுக்க ஆசையா? பெரியகுளம் 1 மாதிரி, ஹைபிரிட் அல்லாத ரகத் தக்காளி வாங்குங்கள். அது பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தையே சேர்த்துக்கொள்ளும், அதனால் காய் மாறாது. கத்தரியும் வெண்டையும் அதைவிட எளிதாக, தேனீ புண்ணியத்தில் பக்கத்து வீட்டுச் செடியோடு கலக்கும்.

சந்தையில் தேதியே இல்லாத பொட்டலத்தை 'நாட்டு விதை' என்று நீட்டினால் யோசியுங்கள். பாக்கெட்டில் முளைப்புத்திறன் அச்சிட்டிருக்கும்: தக்காளி, கத்தரிக்குக் குறைந்தது 70 சதவீதம், வெண்டைக்கு 65. காலாவதி தேதியையும் பாருங்கள். இளஞ்சிவப்பு பூசிய விதையில் மருந்து இருக்கிறது, மிச்சத்தை அடுக்களைப் பக்கம் வைக்காதீர்கள்.