மூணு கிளாஸை வச்சுக்கிட்டு எவ்ளோ நாள்தான் அடி வாங்குறது

அந்தச் சாம்பல் கலர் பூட்டு ஐக்கானைப் பாத்தாலே இப்பல்லாம் எனக்கு பிபி ஏறுது. புதுசா ஒரு ஆன்லைன் ஸ்ட்ராட்டஜி கேம் இறக்குறோம், ட்யூட்டோரியல் முடியுது, கிளாஸ், அதாவது நாம ஆடப்போற வீரனோட வகை, அதை செலக்ட் பண்ற ஸ்கிரீன் வருது, 14 கிளாஸ் வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணும் பாக்கவே அவ்ளோ கெத்து, ஆசையா ஒண்ணு மேல கைய வச்சா டொக்குனு ஒரு சத்தம், பூட்டு லேசா ஒரு ஆட்டு ஆடும், அவ்ளோதான். தெறந்து கெடக்கறது மூணே மூணு. வாரியர், ஆர்ச்சர், காயத்தை ஆத்துற ஹீலர். மிச்ச 11ம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

சரி, புதுசுதானே, மெதுவா கத்துப்போம்னு நானும் பெரிய மனுஷன் மாதிரி பொறுமையாத்தான் ஆரம்பிச்சேன். இது டர்ன் பேஸ்டு கேம், அதாவது மாத்தி மாத்தி ஆடறது, ஆளுக்கு நாலு யூனிட், கட்டம் போட்ட மேப், ஒரு டர்னுக்கு 30 செகண்ட். முதல் அஞ்சாறு மேட்ச் கேம் கம்பெனிக்காரன் பாட்டோட, அதாவது கம்ப்யூட்டரே ஆடுற டம்மி ஆளோட, மோத விட்டு ஜெயிக்க வச்சு குஷிப்படுத்திட்டான் (பாட்னு சொல்லவே மாட்டான், பேரெல்லாம் மனுஷப் பேர் மாதிரியே இருக்கும்). ஏழாவது மேட்ச்ல நிஜ ஆள். அவன் டீம்ல ஒரு நெக்ரோமான்சர், செத்ததை எழுப்புற மந்திரவாதி.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன் கேளுங்க. மூணாவது டர்ன்ல அவனோட ஒரு எலும்புக்கூட்டை அடிச்சேன், செத்துச்சு, அந்த இடத்துல ஒரு சின்ன எலும்புக் குவியல் விழுந்துச்சு. சும்மா அழகுக்கு வச்சிருக்கான்னு நெனச்சேன். அடுத்த டர்ன் இன்னொண்ணு, அடிச்சேன், இன்னொரு குவியல். நல்லா ஆடுறோம்டான்னு எனக்கே ஒரு பெருமை. மூணாவதையும் அடிச்சேன். அவ்ளோதான், மூணு குவியலும் ஒண்ணா உருண்டு போய் பனைமரம் ஒசரத்துக்கு ஒரு பூதம் எழுந்து நின்னுச்சு பாருங்க, ஒரே வீச்சுல என் ரெண்டு வாரியரும் காலி. அவனோட ஆயுதத்தை நானே கட்டம் கட்டமா நடந்து போய் செஞ்சு குடுத்திருக்கேன். சாட்ல அவன் ஒரு சிரிக்கிற எமோஜி மட்டும் போட்டான். அது இன்னும் எரிஞ்சுச்சு.

தோத்தது பிரச்சனையே இல்லங்க. தோக்காம எவனும் எதையும் கத்துக்கிட்டதில்ல. ஆனா தோத்ததும் என்ன தோணும்? இது என்ன கிளாஸ், எப்படி வேலை செய்யுது, இதை எப்படி ஒடைக்கறதுன்னு பாக்கத்தானே தோணும்? போய்ப் பாத்தேன். நெக்ரோமான்சர் படத்தைத் தொட்டா டொக். ஸ்கில்லுக்கு மேல கைய வச்சா எல்லாம் கேள்விக்குறி. கீழ ஒரே ஒரு வரி. ஹீலரை வச்சு 30 மேட்ச் ஜெயிச்சா தெறக்கும். அதாவது என்னை அடிக்கிறவன் எதை வச்சு அடிக்கிறான்னு தெரிஞ்சுக்கவே நான் 30 மேட்ச் ஜெயிக்கணும், ஆனா அது தெரியாததாலதான் நான் தோத்துக்கிட்டு இருக்கேன். பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ங்கற கதை.

இதுலதான் எனக்கு ஆத்திரமே. தொப்பி, டிரெஸ்ஸு, பளபளக்கிற வாளு, இதெல்லாம் பூட்டி வை, நூறு பூட்டு போடு, ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கிளாஸைப் பூட்டுறது அந்த மாதிரி இல்ல. ஸ்ட்ராட்டஜி கேம்ல ஒரு கிளாஸோட பலவீனம் எங்க இருக்குன்னு தெரியணும்னா அதைக் கையில எடுத்து நாலு மேட்ச் ஆடணும், ஆடும்போது எப்பெப்போ நமக்கு வயித்தைக் கலக்குதோ அங்கதான் அதோட பலவீனம், அடுத்த தடவை எதிர்ல வந்தா அங்க அடிக்கலாம். இவன் பூட்டி வச்சிருக்கறது அந்த அறிவை. அப்புறம் சாட்ல வர்றவன் எல்லாம் போய் கேமைக் கத்துக்கிட்டு வாடாங்கறான். எதை வச்சுடா கத்துக்கறது?

இப்ப அந்த 30 ஹீலர் வின் சமாச்சாரத்துக்கு வர்றேன். டீம்ல ஹீலர் இருந்தா மட்டும் போதாது, மேட்ச் முடியும்போது உயிரோட இருக்கணும், அப்பத்தான் கணக்குல ஏறும். ரெண்டு தடவை நல்லா ஜெயிச்சும் கடைசி டர்ன்ல ஹீலர் செத்ததால ஏறல. அப்புறம் என்ன பண்ணேன் தெரியுமா? மேட்ச் ஆரம்பிச்ச உடனே ஹீலரைக் கொண்டுபோய் மேப்போட மூலைல ஒரு பாறைக்குப் பின்னாடி நிறுத்திடுவேன். அது பாட்டுக்கு அங்க நிக்கும், நான் இங்க மூணு யூனிட்டை வச்சு நாலு பேரோட மல்லுக்கட்டுவேன். ஹீலர் கிளாஸை எப்படி ஆடணும்னு கத்துக்கறதுக்காக வச்ச மிஷன், கடைசியில நான் கத்துக்கிட்டது பாறை எங்கெங்க இருக்குன்னுதான். ரெண்டு ரெண்டு பேரா ஆடுற மோட்ல ஒரு தடவை என்கூட ஆடுனவன் கடுப்பாகி, யோவ், உன் ஹீலர் ஏன்யா மூலைல நிக்குது, நான் இங்க சாகுறேன், வந்து ஹீல் பண்ணுயான்னு கத்துறான். அவன் கேக்கறதுல தப்பே இல்ல. எனக்கு 17 வின் ஆகியிருந்துச்சு, 18வது வேணும், அதனால போகல. கேவலமாத்தான் இருந்துச்சு. ஆனா என்னை அப்படி ஆட வச்சது அந்த மிஷன்தானே. அவனும் ஒண்ணும் யோக்கியன் இல்ல, ஆர்ச்சரை வச்சு இத்தனை டேமேஜ் பண்ணணும்னு அவனுக்கு ஒரு மிஷன் போல, கோட்டையைப் பிடிக்கறதை விட்டுட்டு சும்மா நிக்கிற சுவர் மேல அம்பு விட்டுக்கிட்டு இருந்தான்.

இதெல்லாம் கூட ஓகே, ஒண்ணு மட்டும் என்னால ஜீரணிக்கவே முடியல. நெக்ரோமான்சர் கிட்ட தோத்து மேட்ச் முடிஞ்ச அடுத்த செகண்ட் ஸ்கிரீன் முழுக்க ஒரு பாப்அப். நெக்ரோமான்சர் ஸ்டார்ட்டர் பேக், 24 மணி நேரத்துக்கு மட்டும், கீழ கடிகாரம் ஓடுது. அசாசின் கிட்ட தோத்தா அசாசின் பேக். ஆளை விட்டு அடிக்கறதும் அவனே, அடிபட்டதும் ஓடி வந்து மருந்து விக்கறதும் அவனே. க்ளோஸ் பட்டன் மூலைல எறும்பு சைஸுக்கு இருக்கும், வெரல் தப்பினா வாங்குற பக்கத்துக்குப் போயிடும். காசு போடாதவனுக்கு காயினும் முதல் நாள் கொட்டும், ரெண்டாம் நாள்லேர்ந்து சொட்டும். அந்தக் கொட்டலைப் பாத்துட்டு ரெண்டு வாரத்துல எல்லாம் தெறந்துடலாம்னு மனக்கணக்கு போட்டவன்ல நானும் ஒருத்தன்.

இது இந்த ஒரு கேமோட வியாதியும் இல்ல. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் 2009ல வந்தது, அதுல எத்தனை பேரு எத்தனை வருஷம் சாம்பியன் (அதுல நாம ஆடுற வீரனுக்கு அந்தப் பேரு) சேத்தாங்கன்னு ஆடினவங்களுக்குத் தெரியும். 2017 நவம்பர்ல பழைய ரூன் சிஸ்டத்தை (ரூன்னா சாம்பியனுக்கு கூடுதல் பலம் குடுக்கறது) தூக்குற வரைக்கும் சாம்பியன் வாங்கவும் அதே பாயிண்ட், ரூன் வாங்கவும் அதே பாயிண்ட். புது ஆளு எதை வாங்குவான்? சாம்பியன் வாங்குனா ரூன் இல்லாம எதிராளியை விட நோஞ்சானா நிக்கணும், ரூன் வாங்குனா அதே நாலு சாம்பியனோட காலம் தள்ளணும். வாராவாரம் சில சாம்பியனை ஓசியில ஆட விடுற ஃப்ரீ ரொட்டேஷன் உண்டுதான், ஆனா ஒருத்தனை இப்பத்தான் கைக்குப் பழக்கியிருப்போம், வாரம் முடிஞ்சா ஆளைக் காணோம். அதுக்கு மேல ரேங்க்டு, அதாவது தரவரிசைக்கான மேட்ச், ஆடணும்னா லெவல் 30 ஆகணும், சொந்தமா 20 சாம்பியன் இருக்கணும்னு வேற ஒரு வாசப்படி வச்சிருந்தாங்க.

ஸ்ட்ராட்டஜி கேம் இல்லதான், சுடுற கேம், ஆனாலும் ஓவர்வாட்ச் கதை சொல்லாம இருக்க முடியல. 2016ல வந்தப்போ எல்லா ஹீரோவும் எல்லாருக்கும் தெறந்து கெடந்துச்சு. 2022 அக்டோபர்ல ரெண்டாவது பார்ட்டை ஃப்ரீயா விட்டப்போ, புதுசா அக்கவுண்ட் போடுறவன் பழைய ஹீரோ எல்லாத்தையும் தெறக்க சுமார் 100 மேட்ச் ஆடணும்னுட்டாங்க. புது ஹீரோவை பாட்டில் பாஸ்ல (ஆடி ஆடி ஏறணும், இல்ல காசு குடுத்து வாங்கணும்) கொண்டுபோய் வச்சாங்க, ஜனங்க திட்டித் தீத்த அப்புறம் 2024லதான் அதை விட்டாங்க. 2017 நவம்பர்ல ஸ்டார் வார்ஸ் கேம் பாட்டில்ஃப்ரண்ட் 2 கூத்து அதுக்கும் மேல. டார்த் வேடரைத் தெறக்க 60,000 கிரெடிட் (கேமுக்குள்ள சம்பாதிக்கற காசு), ஒருத்தர் கணக்குப் போட்டுப் பாத்தா சுமார் 40 மணி நேர ஆட்டம். கம்பெனிக்காரங்க ரெடிட்ல வந்து, கஷ்டப்பட்டு தெறந்தா ஒரு பெருமிதமும் சாதிச்ச உணர்வும் வரும்னு விளக்கம் குடுத்தாங்க, அந்த ஒரு கமெண்ட்டுக்கு 6 லட்சத்துக்கு மேல டவுன்வோட், அதாவது பிடிக்கலைங்கற ஓட்டு. உடனே விலையை முக்கால்வாசி கொறச்சாங்க, அடுத்த மார்ச்ல ஹீரோ எல்லாத்தையும் மொத்தமாவே தெறந்து விட்டுட்டாங்க. ஆக, தெறக்க முடியாதுன்னு ஒண்ணும் இல்ல. மனசுதான் இல்ல.

எல்லாத்தையும் முதல் நாளே குடுத்தா புதுசா வர்றவன் குழம்பிடுவான்னு ஒரு வாதம் வரும். அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, 14 கிளாஸ், கிளாஸுக்கு ஆறு ஸ்கில்னா தலை சுத்தத்தான் செய்யும். ஹார்த்ஸ்டோன்னு ஒரு கார்டு கேம் 2014ல வந்தப்போ அதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். மொத்தம் ஒன்பது கிளாஸ், கையில மேஜ்ங்கற மந்திரவாதி மட்டும். மிச்ச எட்டுல எது வேணுமோ அதோட பிராக்டிஸ்ல ஒரு தடவை மோதி ஜெயிச்சா அந்தக் கிளாஸ் உனக்கு. ஒரே ஒரு தடவை. எதிர்ல நின்னு பாத்தாச்சு, இப்ப கையில எடுத்துப் பாரு, அவ்ளோதான், ஒரு சாயங்காலம் போதும் எல்லாம் தெறந்துடும். அப்புறம் கார்டு சேக்கறதுல உயிரை வாங்குனாங்க, ஒரு லெஜண்டரி கார்டு செய்ய 1600 டஸ்ட்டுன்னு (வேண்டாத கார்டை ஒடைச்சா கெடைக்கிற தூள்), அதுக்கு வேற பதிவுதான் எழுதணும், ஆனா கிளாஸ் விஷயத்துல சுத்தம்.

கம்பெனி எப்படிப் பொழைக்கும்னு கேக்கறவங்களுக்கு, டோட்டா 2 பொழைக்கலையா? 2013லேர்ந்து நூத்துச் சொச்சம் ஹீரோவும் ஃப்ரீ, வித்தது எல்லாம் உடுப்பும் அலங்காரமும். டீம் ஃபோர்ட்ரஸ் 2ல 2007லேர்ந்து ஒன்பது கிளாஸும் தெறந்தே கெடக்கு, 2011ல கேமையே ஃப்ரீயாக்கிட்டு தொப்பி வித்தே காசு பாத்தாங்க. தொப்பி! அதை நான் சந்தோஷமா வாங்குவேன்.

இதுல பழைய பிளேயருங்க தொல்லை தனி. நாங்களும் இப்படித்தான் வந்தோம், கஷ்டப்படாம வர்றது என்ன பொழப்புன்னு கிளம்பி வந்துடுவாங்க. நேத்து வரைக்கும் மாமியார் கிட்ட இடி வாங்குன மருமக, தனக்கு மருமக வந்ததும் அதே ஒலக்கையைத் தேடுற கதைதான். அதுவும் நீங்க வந்தப்போ எல்லார் கையிலயும் அதே மூணு கிளாஸ்தான் இருந்துச்சு, எல்லாரும் ஒண்ணா கத்துக்குட்டி. இப்ப வர்றவன் முதல் வாரத்துலயே 14ம் வச்சிருக்கறவன் கிட்ட மாட்டறான். இதுல சில புண்ணியவானுங்க ரெண்டாவது அக்கவுண்ட் போட்டு, தெறந்த அக்கவுண்ட்டை வெலைக்கு வேற வாங்கி, கீழ எறங்கி வந்து பொடிப் பசங்களை வேட்டையாடறது.

என் சித்தி பையனை நான்தான் இந்த கேமுக்கு இழுத்துட்டு வந்தேன். சேந்து ஆடலாம்டான்னு. ரெண்டாவது நாள் ஃபோன் பண்ணான்.

"அண்ணா, அந்த எலும்பு மந்திரவாதி ஒருத்தன் வர்றான்ல, அவனை எப்போ எடுக்கலாம்?"

"ஹீலரை வச்சு 30 வின் அடிக்கணும்டா."

"அது வரைக்கும்?"

"ஹீலர் ஆடு."

"எனக்கு ஹீலர் பிடிக்கலையே ண்ணா."

எனக்கும் பிடிக்காதுடான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், வாயில வந்தது, கொஞ்சம் பொறுத்துக்கோ, அப்புறம் நல்லா இருக்கும். நாலாவது நாள் ஆன்லைன்ல ஆளைக் காணோம்.

நான் மட்டும் வீம்புக்கு ஆடிக்கிட்டு இருந்தேன். போன வாரம் ராத்திரி 30வது வின் ஏறுச்சு. ஸ்கிரீன்ல வாணவேடிக்கை எல்லாம் விட்டான். உடனே நெக்ரோமான்சரை எடுத்தேன், கேள்விக்குறியா இருந்த இடத்துல எல்லாம் எழுத்து வந்துச்சு, முதல் ஸ்கில்லைப் படிச்சேன், படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். எலும்புக் குவியல் மேல யாராவது ஒரு யூனிட் ஏறி நின்னா போதும், அது கலைஞ்சுடும். அவ்ளோதான். நடந்து போய் மேல நிக்கணும். அடிக்கக்கூட வேணாம். பாறைக்குப் பின்னாடி சும்மா நின்னுச்சே என் ஹீலர், அது ரெண்டு கட்டம் தள்ளி வந்து நின்னிருந்தா எத்தனை மேட்ச் ஜெயிச்சிருப்பேன்.

முதல் ஆட்டத்துலயே எதிர்ல ஒரு வாரியர் வந்து என் குவியல் மேல நின்னான், நான் தோத்தேன், ஆனா இனிமே எந்த நெக்ரோமான்சரும் என்கிட்ட பூதத்தை எழுப்ப முடியாது. அந்த சந்தோஷத்துல அர்த்த ராத்திரின்னு கூட பாக்காம தம்பிக்கு மெசேஜ் தட்டினேன், டேய், அந்த எலும்பு மேல போய் நின்னாலே போதுமாம்டான்னு.

காலையில பதில் வந்திருந்துச்சு. "எந்த எலும்பு ண்ணா?"