விருது இருக்கட்டும், சைட்டைக் கொடுங்கள்

ஜூன் 23 சர்வதேசப் பெண் பொறியாளர்கள் தினம். அன்றைக்கு எரிசக்தி நிறுவனங்களின் பக்கங்களைத் திறந்தால் எல்லாவற்றிலும் ஒரே படம்தான். வெள்ளை ஹெல்மெட், பளிச்சென்ற ஆரஞ்சு ஜாக்கெட், பின்னால் காற்றாலை, முன்னால் சிரித்தபடி ஒரு பெண். நல்ல படம்தான். ஆனால் அவர் அந்தக் காற்றாலையில் என்ன பொறுப்பில் இருக்கிறார் என்று கீழே எழுதியிருக்க மாட்டார்கள். எத்தனை பேர் அவருக்குக் கீழே? எவ்வளவு தொகை வரை அவர் கையெழுத்து செல்லும்? ராத்திரி இரண்டு மணிக்கு டர்பைன் நின்றுபோனால் யாரைக் கேட்டு ஓட்டுவார்கள்? இதெல்லாம் தெரியாமல் அந்தப் படத்துக்கு லைக் போட எனக்கு மனசு வருவதில்லை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறை பெண்களை வேலைக்குச் சேர்ப்பதில் ஓரளவு முன்னேறியிருக்கிறது. எந்த வேலையைப் பார்த்தவர்கள் பின்னாளில் தலைமைக்கு வருகிறார்களோ, அந்த வேலையைப் பெண்களிடம் கொடுப்பதில் மட்டும் பழைய எண்ணெய், நிலக்கரிக் கம்பெனிகளின் புத்தி இன்னும் போகவில்லை. தலைமைப் பண்புப் பயிற்சி, மேடை, விருது எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். முப்பது வயசுக்குள் ஒரு சைட்டின், அதாவது மின் நிலையத்தைக் கட்டி ஓட்டுகிற களத்தின், முழுப் பொறுப்பு ஒரு பெண்ணின் கைக்கு வந்ததா இல்லையா என்பதுதான் அவருடைய அடுத்த இருபது வருஷத்தைத் தீர்மானிக்கிறது.

எண்களைப் பாருங்கள். ஐரீனா என்கிற சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இந்தத் துறையின் முழுநேர ஊழியர்களில் பெண்கள் 32 சதவீதம். எண்ணெய், எரிவாயுத் துறையில் 22. பரவாயில்லையே என்று தோன்றும். பிறகு அதே முகமை துறையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தது. காற்றாலைத் துறையில், 2020 அறிக்கைப்படி, மொத்தத்தில் 21 சதவீதம். மூத்த நிர்வாகத்தில் 8. சூரிய மின்சாரத்தில், 2022 அறிக்கைப்படி, மொத்தத்தில் 40. மூத்த நிர்வாகத்தில் 17. அந்த 40 எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அலுவலக நிர்வாக வேலைகளில் பெண்கள் 58 சதவீதம். அறிவியல், பொறியியல் சார்ந்த வேலைகளில் 32. பேனலைத் தூக்கிப் பொருத்துகிறவர்களில் 12.

ஆக, வாசல் அகலமாகத்தான் இருக்கிறது. உள்ளே போனதும் எந்த அறைக்கு அனுப்புகிறார்கள் என்பதில்தான் வேலை கெடுகிறது.

சைட், சைட் என்று ஏன் அடித்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். ஒரு சூரிய மின் நிலையமோ காற்றாலைப் பண்ணையோ கமிஷனிங் ஆகும், அதாவது சோதித்து முதன்முதலாக இயக்கத்துக்கு வரும், கடைசி மூன்று மாதத்தை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கேபிள் போட்ட காண்ட்ராக்டர் வேலை முடிந்தது என்பார். கேபிளில் மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் டெஸ்ட் எடுத்தால் சரியான ரீடிங் வராது. கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் ரிலேயின் செட்டிங் ஒரு மாதிரி, டிராயிங் வேறு மாதிரி இருக்கும். மின்கட்டமைப்பை நடத்தும் கிரிட் ஆபரேட்டர் கேட்ட சோதனையில், பேனலின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர் தடுக்கி விழும். ஒப்பந்தத் தேதி தாண்டினால் நாள் கணக்கில் அபராதம். அந்த நெருக்கடியில் ஒருவர் நின்று, "இந்தப் பேனல் வரிசையைத் தள்ளி வைங்க, மீதியை ஏத்துங்க, டிரான்ஸ்ஃபார்மரை இன்னைக்குச் சார்ஜ் பண்றோம்" என்று சொல்லி, தன் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். சரியாக வந்தால் அவர் பெயர் மேலே வரை போகும். தப்பாகப் போனாலும் போகும். ஆட்கள், பணம், நேரம், பாதுகாப்பு ஆகிய நான்கையும் ஒரே நாளில் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து முடிவெடுக்கிற இந்தப் பழக்கத்தை எந்த வகுப்பறையும் தராது. பத்து வருஷம் கழித்துத் தலைமைப் பொறுப்புக்கு ஆள் தேடுகிறவர்கள் மனதுக்குள் தேடுவது இதைத்தான்.

இதே மூன்று மாதத்தில், அதே வருஷம் வேலைக்குச் சேர்ந்த பெண் என்ன செய்துகொண்டிருப்பார்? பெரும்பாலும் டாக்குமென்டேஷன். "அவங்க ரிப்போர்ட் ரொம்ப நல்லா எழுதுவாங்க சார்" என்கிற ஒரு பாராட்டில் ஆரம்பிக்கும். உண்மையிலேயே நல்லாத்தான் எழுதுவார். அதனால் அடுத்த ப்ராஜெக்ட்டிலும் அதுவே. பிறகு தரக் கட்டுப்பாட்டுக் கோப்புகள், பிறகு அனுமதி விண்ணப்பங்கள், பிறகு சுற்றுச்சூழல் அறிக்கை, பிறகு நிறுவனத்தின் பெண்கள் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர். எல்லாமே தேவையான வேலைகள், சிலது கடினமான வேலைகளும்கூட. எட்டு வருஷம் போனதும் ஆபரேஷன்ஸ் தலைவர் பதவிக்கு விண்ணப்பிப்பார். நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் மிகவும் மரியாதையாகக் கேட்பார்: "உங்க ப்ரொஃபைல் நல்லா இருக்கு மேடம். ஆனா நேரடியா ஒரு பிளான்ட்டை நடத்தின அனுபவம் இல்லையே?"

யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் இதில் எரிச்சலூட்டுவது. "தூரமான சைட், தங்குற இடம் சரியில்ல, அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நாங்களே வேற ஆளைப் போட்டுட்டோம்." அக்கறையோடு சொன்ன வார்த்தைதான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றால் இல்லை. கேட்டிருந்தால் சிலர் வேண்டாம் என்றிருப்பார்கள். ஆண்களிலும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. மற்றவர்கள் அன்றிரவே பெட்டியைக் கட்டியிருப்பார்கள்.

அமெரிக்க நிறுவனங்களை வைத்து மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனமும், பெண்களின் பணி முன்னேற்றத்துக்கான லீன் இன் அமைப்பும் வருஷாவருஷம் ஒரு கணக்கு எடுக்கின்றன. முதல்முறையாக மேலாளர் பதவிக்கு உயரும் ஒவ்வொரு 100 ஆண்களுக்கும் எத்தனை பெண்கள் உயர்கிறார்கள் என்பது அதில் ஒரு கேள்வி. 2023-ல் 87. 2024-ல் 81. எல்லாத் துறைக்குமான கணக்கு இது. உச்சியில் ஏன் ஆள் இல்லை என்று பேசுகிறவர்கள் இந்த முதல் உயர்வைப் பற்றிப் பேசுவதே குறைவு. இங்கே தங்கிப்போனவர்கள் பிறகு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இது இன்றைக்கு நேற்றுத் தொடங்கியதும் இல்லை. எடித் கிளார்க் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1919-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற முதல் பெண். பொறியாளர் வேலை யாரும் தரவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வேறொரு வேலை கொடுத்தது: டர்பைன் பிரிவில் கைக்கணக்குப் போடும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். மேற்பார்வை என்ற பெயர் கிடைத்தது, பொறியியல் கிடைக்கவில்லை. 1921-ல் அதை உதறிவிட்டு கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஒரு மகளிர் கல்லூரிக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். அடுத்த வருஷம் அதே நிறுவனம் அவரைப் பொறியாளராகவே சேர்த்துக்கொண்டது. மூன்று ஃபேஸ் மின்சாரத்தின் அளவுகளை இரண்டு அச்சுகளுக்குச் சுருக்கிக் கணக்கிடும் அவருடைய முறைதான் கிளார்க் மாற்றம். கிரிட்டோடு இணைந்த பெரிய சூரிய இன்வெர்ட்டர்களும் காற்றாலைகளின் கன்வெர்ட்டர்களும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும்போது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை செய்கிற கணக்கு அது. 1947-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இந்தத் துறைக்குப் பெண்கள் புதுசு என்று யாராவது சொன்னால், இன்வெர்ட்டர் மென்பொருளைத் திறந்து காட்டத் தோன்றுகிறது.

அதே 1919-ல் பிரிட்டனில் பெண் பொறியாளர் சங்கம் உருவானது. ஜூன் 23 என்ற தேதியே அதன் பிறந்தநாள்தான். முதல் உலகப் போரில் தொழிற்சாலைகளை ஓட்டிய பெண்களை, போர் முடிந்ததும் வீட்டுக்குப் போகச் சொன்ன காலம். சங்கத்தின் முதல் செயலாளர் கரோலின் ஹாஸ்லெட். ஒரு கொதிகலன் கம்பெனியில் அலுவலகச் செயலாளராகச் சேர்ந்தவர் அவர். தன்னைத் தொழிற்கூடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கினார். அங்கே வேலை கற்றுக்கொண்டு பொறியாளரானார். 1947-ல் பிரிட்டனின் மின்துறை தேசியமயமானபோது அமைந்த மின்சார ஆணையத்தில் உறுப்பினரானார். அலுவலக மேசையிலிருந்து பட்டறைக்கு, பட்டறையிலிருந்து ஆணையத்துக்கு. நடுவில் உள்ள பட்டறையை எடுத்துவிட்டால் இந்த வாழ்க்கை வரலாறு நிற்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்கு உச்சியில் இருப்பவர்களையும் பார்க்கலாம். பிரான்ஸின் எஞ்சி எரிசக்தி நிறுவனத்துக்கு 2021 முதல் தலைமைச் செயல் அதிகாரியாக இருக்கும் கேத்தரின் மெக்ரெகர் பொறியாளர். அதற்கு முன் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சேவை தரும் ஷ்லம்பெர்ஜேவில் 23 வருஷம் இருந்தவர். வாகனத் துறையில் மேரி பாரா மின்பொறியாளர். ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு அசெம்பிளி பிளான்ட்டின் மேலாளராக இருந்தார். பிறகு மனிதவளத்துக்குத் தலைமை, பிறகு தயாரிப்பு மேம்பாடு, 2014-ல் தலைமைச் செயல் அதிகாரி. மனிதவளம் என்றாலே ஒதுக்கப்பட்ட அறை என்று நான் சொல்லவில்லை என்பதற்கு இவரே சாட்சி. பிளான்ட்டை நடத்தியவர் மனிதவளத்துக்குப் போனால் அது பல துறைகளைப் பார்த்து வரும் சுற்று. பிளான்ட்டைத் தொடாமலே போனால், அங்கிருந்து திரும்பி வர வழி குறுகிவிடுகிறது.

சரி, சைட்டில் பெண்களுக்கு உண்மையான கஷ்டமே இல்லையா? இருக்கிறது. ஆனால் பெரும்பாலானது பணம் போட்டால் தீரக்கூடியது. ஹார்னஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் உயரத்தில் உயிரைத் தாங்குகிற பெல்ட் அது. நெஞ்சுப் பட்டையும் தொடைப் பட்டையும் சரியாகப் பொருந்தாமல் விழுந்தால், விழுந்ததைவிடத் தொங்கியதில் அதிக ஆபத்து வரலாம். பெண் உடலமைப்புக்கு ஏற்ற ஹார்னஸ் சந்தையில் உண்டு. ஸ்டோரில் இருக்காது. ஆண்கள் அளவிலேயே சின்னதாக ஒன்றைக் கொடுத்து "இதைப் போட்டுக்கோங்க" என்பார்கள். கையுறை, ஷூ, மின்தீப்பொறி வெடிப்பிலிருந்து காக்கும் ஆர்க் ஃபிளாஷ் உடை எல்லாவற்றிலும் இதே கதை. பெரிதாக இருக்கும் கையுறையோடு ரிலே டெர்மினலில் திருகு முடுக்கிப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது யாரும் பேசாத விஷயம். டர்பைன் கோபுரத்தின் உச்சியில், இயந்திரங்கள் இருக்கும் பெட்டியான நாசெல்லில் கழிப்பறை கிடையாது. காலையில் ஏறினால் வேலை முடிகிற வரை மேலேதான். ஆண்கள் எப்படியோ சமாளிப்பார்கள். பெண்கள் தண்ணீர் குடிக்காமல் ஏறுவார்கள். வெயில் காலத்தில் உலோகப் பெட்டிக்குள், தண்ணீர் இல்லாமல், உயர் மின்னழுத்த வேலை. இது பெண்கள் பிரச்சினை என்று கோப்பில் போடுகிறார்கள். எனக்கு இது பாதுகாப்புப் பிரச்சினை. நடுவில் ஒருமுறை இறங்கி ஏற நேரம் சேர்த்து வேலையைத் திட்டமிட்டால் போதும். அப்படித் திட்டமிட்டால் ஆண் டெக்னீஷியன்களும் தண்ணீர் குடிப்பார்கள்.

குழந்தை விஷயம் இவ்வளவு சுலபமில்லை. சைட் மேலாளர் பொறுப்பு வருகிற வயசும் பிள்ளை பெறுகிற வயசும் ஒன்றாக வந்து நிற்கின்றன. இதற்கு என்னிடம் முழுத் தீர்வு கிடையாது. ஒன்றை மட்டும் சொல்வேன்: எப்போது கூப்பிடுவார்கள் என்றே தெரியாத வேலைதான் குடும்பத்தை உடைக்கிறது. இரண்டு வாரம் சைட், இரண்டு வாரம் வீடு என்று ஆறு மாதத்துக்கு முன்பே தெரிந்தால், வீட்டில் இன்னொரு பெரியவர் தோள் கொடுத்தால், பலரால் நடத்த முடிகிறது. கடல் காற்றாலைகளில் இந்த முறை வழக்கத்தில் இருக்கிறது. தகப்பன்மாருக்கும் நீண்ட விடுப்பு கொடுத்து, அதை அவர்கள் எடுக்கவும் செய்தால் கணக்கு இன்னும் மாறும்.

"இப்ப எல்லாம் ரிமோட்டுதானே, கண்ட்ரோல் ரூமிலிருந்தே பார்க்கலாமே" என்று ஒரு யோசனை வரும். ஸ்காடா என்கிற தொலைக் கண்காணிப்பு அமைப்பின் திரையிலிருந்து நூறு டர்பைனைக் கவனிப்பது நிஜமான திறமை. அதிலிருந்தும் தலைவர்கள் வர வேண்டும். ஆனால் பெண்கள் எல்லோரும் திரைக்கு, ஆண்கள் எல்லோரும் சைட்டுக்கு என்று பிரிந்தால், டாக்குமென்டேஷன் மேசைக்கு நவீனப் பெயர் வைத்த கதையாகிவிடும். இருவரும் இரண்டிலும் சுற்றி வரட்டும்.

தலைமைப் பயிற்சிகளைப் பற்றி எனக்கு மரியாதை குறைவு, மறைக்கவில்லை. தன்னம்பிக்கையோடு பேசுவது எப்படி, கூட்டத்தில் குரலை உயர்த்துவது எப்படி என்று பெண்களுக்கு மட்டும் வகுப்பு எடுக்கிறார்கள். அவர் பேசும்போது குறுக்கே பேசுகிறவருக்கு எந்த வகுப்பும் கிடையாது. ஆலோசனை சொல்ல ஆள் நிறைய உண்டு. பதவி உயர்வுக் கூட்டத்தில், அவர் இல்லாத நேரத்தில், "அடுத்த 50 மெகாவாட் ப்ராஜெக்ட்டை அவங்ககிட்ட கொடுப்போம், பொறுப்பு எனக்கு" என்று சொல்கிற மேலதிகாரி ஒருவர் போதும். பத்து வகுப்பு செய்யாததை அது செய்யும்.

ஒதுக்கீடு? நார்வே பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் வாரியத்தில் ஒவ்வொரு பாலினத்துக்கும் குறைந்தது 40 சதவீதம் என்று 2003-ல் சட்டம் போட்டு, 2008-க்குள் கட்டாயமாக்கியது. வாரியங்கள் மாறின. அதனால் கீழே வேலை செய்யும் பெண்களின் நிலை பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை என்று பிறகு ஆராய்ந்த பொருளியலாளர்கள் சொன்னார்கள். வாரிய ஒதுக்கீடு வேண்டும் என்பதே என் கட்சி. அதை வைத்துக்கொண்டு சைட் மேலாளர் பட்டியலைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

படிப்பு முடித்து இந்தத் துறைக்கு வருகிற பெண்களுக்கு ஒன்று. நேர்காணலின் கடைசியில் "கேள்வி ஏதாவது இருக்கா?" என்பார்கள். உங்கள் சைட்டுகளில் எத்தனைக்குப் பெண் மேலாளர், போன வருஷம் கமிஷனிங் குழுவில் எத்தனை பெண்கள், ஹார்னஸ் என் அளவில் ஸ்டோரில் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கும் "இப்போதைக்கு யாரும் இல்லை" என்று நேராகச் சொல்கிற இடத்தை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதல் ஆளாக நீங்கள் இருக்கலாம், எந்த மாதம் சைட்டுக்கு அனுப்புவீர்கள் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிலுக்கு மகளிர் தினக் கொண்டாட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அடுத்த கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.