பால்பல்லுக்கு வங்கி வேண்டாம்

பிள்ளைக்கு முன்பல் ஆட ஆரம்பித்ததுமே, “ஸ்டெம் செல் வங்கியில் போட்டு வைக்கணுமாமே, நிஜமா?” என்று கடலூரில் தெரிந்த பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். பிற்காலச் சிகிச்சைக்கு உதவும் என்று சொல்லி, காசு வாங்கிக்கொண்டு பல்லின் செல்களை உறைய வைத்துக் காப்பதுதான் இந்த வங்கி. வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அறிவியல் பொய்யில்லை. 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிடுங்கிய ஞானப்பல்லின் கூழில், அதாவது பல்லுக்குள் இருக்கும் மென்மையான சதையில், ஸ்டெம் செல்களைக் கண்டார்கள். 2003இல், அந்தக் குழுவில் இருந்த சோங்டாவ் ஷி, தன் மகளின் பால்பல்லில் தொடங்கி, விழுந்த பல்லிலும் அவை இருப்பதைக் காட்டினார். நாம் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியும் அதே பல்!

ஆனால் அந்த ஆய்வில் நடந்தது என்ன? நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த சுண்டெலியின் தோலுக்கடியில் பால்பல் செல்களை வைத்தார்கள். எலும்பு வந்தது. அதை உருவாக்கியது சுண்டெலியின் சொந்த செல்கள். மனித செல்கள் அவற்றை வரவழைத்துத் தூண்டின, அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் ‘பல்லிலிருந்து எலும்பு’ என்று விளம்பரம் செய்வது எனக்குக் கோபமூட்டுகிறது. முழுப் பல்லையே வளர்ப்பது இன்னும் தூரம். பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமலைக் கட்டும் செல்கள் நமக்குப் பல் முளைக்கும்போதே அழிந்துவிடும். சுண்டெலியின் முன்பல்லோ ஆயுள் முழுக்க வளரும். அதில் பலித்தது நம் வாயிலும் பலிக்கும் என்று எப்படி நம்புவது?

மனிதரிடமும் நல்ல செய்தி உண்டு. அடிபட்டுக் கூழ் செத்த முன்பல்லில், அதே குழந்தையின் பால்பல் செல்களை வைத்துக் கூழை மீட்டதாகச் சீன மருத்துவர்கள் 2018இல் எழுதினார்கள். அது முறையான மருத்துவ ஆய்வு; கடையில் விற்கும் சிகிச்சை அல்ல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், தொப்புள்கொடி ரத்தத்தை மட்டுமே வங்கியில் சேமிக்க அனுமதிக்கிறது. பல்லை வைத்து வணிகம் செய்ய அதில் இடமில்லை. அப்புறம் எதற்குக் காசு கட்டணும்?

நான் கேட்பது வேறு. புதுச்சேரி கோரிமேட்டிலும் சிதம்பரத்திலும் அரசு சார்ந்த பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கம்பி கட்டுவதற்காகவும், இடமில்லாமல் முளைத்த ஞானப்பல்லுக்காகவும் நல்ல பற்களையே பிடுங்க வேண்டி வருகிறது. நோயாளியிடம் தமிழில் விளக்கி, கையெழுத்து வாங்கி, அவற்றை அரசு ஆய்வுக்கூடங்களுக்குக் கொடுக்கட்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் பல் மட்டும் உறைகுளிரில் காத்திருப்பதைவிட, அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்கும் ஒருநாள் பயன்படும் ஆராய்ச்சிக்கு நம் வரிப்பணம் போகணும்.