ஹெர்க் செய்தது வேறு, ஸ்கிராட்ச் வேறு

ஹிப்-ஹாப் இசையின் தொடக்கம் பற்றிய கட்டுரை, 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூவில் டிஜே (விருந்தில் இசைத்தட்டுகளை இயக்குபவர்) கூல் ஹெர்க் இசைத்த விருந்து வரை சரி. ஆனால் ஸ்கிராட்ச்சையும் (இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்புவது) ஹெர்க் கணக்கில் எழுதியது தவறு. அது இன்னொரு டிஜேயான கிராண்ட் விஸர்ட் தியோடருடையது.

ஹெர்க்கின் முறை இது: ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகள், இரண்டு டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி). பாட்டு ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகள்தான் பிரேக். ஒன்றில் அது முடியும்போது மற்றதில் மறுபடி தொடங்கினால், நொடிகள் நிமிடங்களாக நீளும். ஊசியைக் கண்ணளவில் வைத்ததால் தாளம் அடிக்கடி தப்பும்.

அதைச் சரிசெய்தவர் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். தட்டின்மேல் கிரேயானால் குறியிட்டு, எத்தனை சுற்று பின்னே திருப்ப வேண்டும் என்று எண்ணினார். டர்ன்டேபிளின் ரப்பர் விரிப்பு இசைத்தட்டைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதில் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய ஃபெல்ட் துணி (வேட்டிக்குப் போடுகிறோமே, அதே உத்தி). கை வைத்தால் இசைத்தட்டு நிற்கும், அடியில் டர்ன்டேபிளின் சுழலும் பகுதி சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெல்ட்டில் ஓடும் டர்ன்டேபிளில் முயன்றால் வேகம் எடுக்கத் தாமதமாகி சுருதி இழுபடும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் டிஜேக்களிடம் நிலைத்ததற்கு, பெல்ட் இல்லாமல் நேரடியாகச் சுழற்றும் அதன் மோட்டார் முக்கியக் காரணம்.