நிலாவின் பெயரில் கேட்ட கேள்விகள்

சனிக்கிழமை மாலை வியாசர்பாடி விழா மேடையில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பதால், அதை முழுவதுமாக விவரிக்கப் போவதில்லை. எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் செய்த ரோபோவின் கதையைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். பையன்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மாதவிடாய், இரத்தசோகை என்றெல்லாம் ஒரு பொம்மையைப் பேச வைக்கலாமா, அறிவியலாக ஏதாவது காட்டக்கூடாதா என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைகள் காட்டியது அறிவியல்தான். ஓர் அட்டைப்பெட்டி, கையை அசைக்க இரண்டு சர்வோ மோட்டார், எழுதிய நிரல்படி இதையெல்லாம் இயக்கும் அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை, ஒரு சின்ன ஸ்பீக்கர், நெஞ்சில் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு. அதுதான் நிலா. கதையில் அவளுக்குப் பதினான்கு வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். முதலில் "நிலாவுக்கு பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றுதான் எழுதியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. "பேட்டரி ஃபுல்லா இருக்குக்கா, கரண்ட் போற வழிதான் பத்தல" என்றான். காற்று நுரையீரல் வரை வந்துவிடுகிறது, அங்கிருந்து ஆக்சிஜனை உடம்பெங்கும் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின்தான் குறைவு, அதை உண்டாக்க இரும்புச்சத்து வேண்டும் என்பதை அவன் அப்படிப் பிடித்துக்கொண்டான். கை உயர உயர விளக்கு மங்கும்படி நிரலையும் அவனே மாற்றி எழுதினான். இதே பாடத்தை நான் மூன்று முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது அவர்களுக்குள் இறங்கியது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தன் பெயரில் கேட்க முடியாததை ஒரு பிள்ளை நிலாவின் பெயரில் கேட்டுவிடும். "நிலா மாத்திரை போட்டதும் டீ குடிக்கலாமா?", "மாத்திரை போட்டா நிலாவுக்கு வெளிக்கி கறுப்பா போகுதே, பயமா?", "நிலாவுக்கு மூணு மாசமா வரலையே, அது நோயா?" என்று கேட்டார்கள். எனக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் கேட்டார்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சிலர் ஏன் சாக்கடையில் போட்டார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எட்டாம் வகுப்பில் நான் காலை வணக்கத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்தேன். கண்ணேறு என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். இனப்பெருக்கம் பற்றிய பாடம் வந்தபோது, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியை பக்கத்தைத் திருப்பிவிட்டார். எனக்கு இரத்தம் குறைவு என்பதை முதல் பிரசவத்தின்போதுதான் ஒரு மருத்துவர் சொன்னார். அத்தனை வருடம் என்னைச் சோம்பேறி என்றே வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

பையன்கள் முன்னால் எதற்கு என்கிறீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கும், அதே வயது ஆண்களில் 31 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த பையன்களுக்கும் அது அவர்களுடைய கதைதான்.

ஒரு சார்ட் போதாதா என்றால், போதவில்லை, நான் ஒட்டிப் பார்த்துவிட்டேன். ரோபோ தவறாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. நிலா தானாக எதுவும் பேசுவதில்லை. ஒரு மாணவியின் குரலில் பதிந்ததை மட்டுமே பேசுகிறாள், அந்த ஒவ்வொரு வரியையும் சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவர் படித்துத் திருத்தித் தந்தார்.

"இந்த ஏரியா பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று மேடைக்குக் கீழே ஒருவர் சொன்னதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. கேரம், கால்பந்து, குத்துச்சண்டை என்றால் வடசென்னைப் பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்கிறீர்கள். அதே பிள்ளைகள் தங்கள் உடம்பைப் புரிந்துகொள்ள ஓர் இயந்திரம் செய்தால் மட்டும் கூச்சம் வந்துவிடுகிறது. நிலாவுக்குக் குரல் கொடுத்த பெண் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதாக நினைத்துவிட்டாள்.

நேற்று அவள் வகுப்புக்கு வரவில்லை. இன்று வந்து, கழன்றிருந்த நிலாவின் இடது கையை டேப் போட்டு ஒட்டினாள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் வகுப்பறையில் முழுக்கதையும் நடக்கும், பையன்களும் இருப்பார்கள். நிறுத்தச் சொன்னவருக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம்.