7.3 கோடியில் ஒன்று

ஒரு வாதம் கேட்டவுடனே நம்மைத் தலையாட்ட வைத்தால், அது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கைப் படித்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

வழக்கறிஞரான சாலியின் முதல் மகன் 1996 டிசம்பரிலும், இரண்டாவது மகன் 1998 ஜனவரியிலும், பிறந்து மூன்று மாதம்கூட நிறையாத நிலையில் இறந்துபோனார்கள். இருவரையும் தாயே கொன்றார் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. 1999இல் செஸ்டர் நகரில் நடந்த விசாரணையில், குழந்தைநல மருத்துவத்தில் பெரும்பெயர் பெற்ற பேராசிரியர் ராய் மெடோ சாட்சியம் அளித்தார். புகைபிடிக்காத, வருமானமுள்ள, தாயின் வயது 26ஐக் கடந்த ஒரு குடும்பத்தில் காரணம் தெரியாமல் ஒரு குழந்தை திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 8,543இல் ஒன்று என்றும், இரு குழந்தைகள் அவ்வாறு இறக்க அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும், வருவது ஏறத்தாழ 7.3 கோடியில் ஒன்று என்றும் அவர் கூறினார். வெல்லும் என்று யாரும் எதிர்பாராத குதிரையின்மீது நான்கு ஆண்டுகள் பணம் கட்டி, நான்கு முறையும் வெல்வதோடு அதை ஒப்பிட்டார். ஜூரி 10க்கு 2 என்ற கணக்கில் சாலியைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை கிடைத்தது.

அந்தப் பெருக்கலே முதல் பிழை. ஒரே பெற்றோரின் மரபணுவும் ஒரே வீட்டின் சூழலும் இரு குழந்தைகளுக்கும் பொதுவானவை என்பதால், முதல் மரணத்துக்கும் இரண்டாவதற்கும் தொடர்பே இல்லை என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இதைவிட ஆழமான பிழை ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பத்தில் இரு குழந்தைகள் இயற்கையாக இறப்பது எவ்வளவு அரிது என்பது ஒரு கேள்வி. இறந்துவிட்ட இரு குழந்தைகள் கொல்லப்பட்டிருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பது வேறு கேள்வி. கேரள லாட்டரியில் முதல் பரிசு விழுவது மிக அரிது என்பதற்காக, பரிசு பெற்றவர் மோசடி செய்தார் என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. ஒரு தாய் தன் இரு கைக்குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அரிது. இரண்டு அரிய நிகழ்வுகளில் எது அதிகம் நேரக்கூடியது என்று ஒப்பிட்டிருக்க வேண்டும். அந்த ஒப்பீட்டை ஜூரியின் முன் யாரும் வைக்கவில்லை.

இந்த நீதிமன்றங்களில் புள்ளிவிவரத்தை வைத்து யாரையும் தண்டிப்பதில்லை என்று விசாரணை நீதிபதி எச்சரிக்கத்தான் செய்தார். ஆயினும் ஓட்டை எங்கே என்று காட்டாமல், நம்பிவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னால், மனத்தில் பதிந்துவிட்ட எண் அகலாது என்றே நான் நினைக்கிறேன். 2000இல் முதல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. 2001இல் அரச புள்ளியியல் கழகம் அந்தக் கணக்கு செல்லாது என்று வெளிப்படையாக அறிவித்தது. 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித்தொற்று இருந்ததைக் காட்டிய ஆய்வக முடிவுகள் மறைக்கப்பட்டிருந்ததே அதற்கு முதன்மைக் காரணம். 2007இல் சாலி தமது 42ஆவது வயதில் இறந்தார்.

மெடோ நேர்மையாகப் பேசியே தவறினார் என்று பின்னாளில் உயர் நீதிமன்றம் கருதியது. அதை நானும் ஏற்கிறேன். குழந்தைநல மருத்துவர் ஒருவர் நிகழ்தகவைப் பற்றிச் சாட்சியம் சொல்லும்போது, அதைச் சோதிக்க ஒரு புள்ளியியலாளரைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று அந்த விசாரணையில் எந்தத் தரப்பும் எண்ணவில்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.