கண்ணாடி உடையாதா என்று கேட்டுச் சிரித்தவர்களுக்கு

அந்த மீமில் என்னை டேக் செய்வதை இன்னும் நிறுத்தவில்லை நீங்கள். "அணுக்கழிவைக் கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வைக்கப் போறாங்களாம், கீழ விழுந்தா உடையாதா?" கூடவே சிரிப்பு எமோஜி.

பாட்டில் இல்லைங்க. கழிவே கண்ணாடியாகிறது.

அணுக்கழிவுத் தொட்டியின் அடியில் தங்கும் கசட்டைக் கழுவி, கரையும் சோடிய உப்புகளைக் குறைத்து, போரோசிலிகேட் என்னும் சூடு தாங்கும் கண்ணாடித் தூளோடு சேர்த்து, சுமார் 1150 டிகிரி செல்சியஸில் உருக்குகிறார்கள். கழிவிலுள்ள கதிரியக்கத் தனிமங்களான சீசியமும் ஸ்ட்ரான்சியமும் கண்ணாடியின் சிலிக்கான்-ஆக்சிஜன் வலைக்குள் மாட்டிக்கொள்கின்றன. உருகியதை எஃகுக் கலனில் ஊற்றி, ஆறியதும் மூடியை வெல்டிங் செய்கிறார்கள். அமெரிக்காவின் சவானா ரிவர் அணுக்கழிவு ஆலையில் 1996 முதல் இதுதான் வேலை. கலன் 3 மீட்டர் உயரம், உள்ளே ஏறக்குறைய 1.8 டன் கண்ணாடி.

உடையுமா? உடையும். ஆறும்போதே விரிசல் விடும். பாட்டில் உடைந்தால் உள்ளிருப்பது கொட்டும். இது உடைந்தால் கண்ணாடித் துண்டுகள்தான் கிடைக்கும். தண்ணீர் படும் பரப்பு கூடும், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் அதைப் பொடியாக்கி, 90 டிகிரித் தண்ணீரில் 7 நாள் போட்டு, எவ்வளவு போரானும் சோடியமும் கரைந்தன என்று அளக்கிறார்கள். சோதிப்பதே உடைத்துத்தான் சாமி!

"அப்போ பிரச்சினையே இல்லையா? எவ்வளவு வாங்கினீங்க?" இதுவும் வரும், தெரியும். கதிர்வீச்சு போய்விட்டது என்று யார் சொன்னது? சீசியம்-137 பாதியாகவே 30 வருடம் ஆகும். கண்ணாடி அதைத் தண்ணீரோடு ஓடவிடாது, அவ்வளவே. கண்ணாடிக்குப் பதில் சிமென்டில் கலந்து இறுக்கினால் மலிவு என்பவர்களுக்கு: கதிரியக்கம் குறைந்த கழிவுக்குத் தாராளமாகப் போடுங்கள்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. சல்பேட் ஒரு சதவீதத்தை நெருங்கினாலே கண்ணாடி ஏற்காது. உப்பாகப் பிரிந்து மேலே மிதக்கும். அது தண்ணீரில் கரையும், சீசியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கழிவிலுள்ள ருத்தேனியம், ரோடியம், பல்லேடியம் ஆகிய உலோகங்கள் அடியில் படிந்தால், சூடாக்குவதற்காக உருகிய கண்ணாடி வழியாகப் போக வேண்டிய மின்சாரம் அந்தப் படிவு வழியாகக் குறுக்கே பாயும், கண்ணாடி உருக்கும் உலை போச்சு. குரோமியமும் நிக்கலும் கூடினால் ஸ்பைனல் என்னும் உருகாத படிகம் வளர்ந்து ஊற்றுவாயை அடைக்கும். நைட்ரேட்டும் மாங்கனீசும் நுரை தள்ளும். சூட்டில் ஆவியாகும் சீசியத்தைப் புகைக்குழாயில் கழுவிப் பிடித்துத் திரும்ப உலைக்கே அனுப்ப வேண்டும்.

பழைய அணு நிலையத்தைக் கலைக்கும்போது, எரிந்த எரிபொருளைப் போட்டு வைத்த குளத்தின் அடியில் வாரும் கசடு இன்னும் மோசம். பிரிட்டனின் பழைய அணு வளாகமான செல்லாஃபீல்டில் போல, எரிபொருளைச் சுற்றியிருந்து அரித்துப்போன மெக்னீசிய உறை, யுரேனியத் துணுக்கு, மணல் எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு வாளி மாதிரி அடுத்த வாளி இருக்காது. மாதிரி எடுத்து ஒவ்வொரு தொகுப்புக்கும் தூளின் கலவையை மாற்ற வேண்டும். இதில் மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு நீங்கள் தந்த மரியாதை ஒரு பாட்டில் படம்.

அடுத்த முறை "இந்தக் கசட்டில் சல்பேட் எவ்வளவு?" என்று கேட்டு டேக் செய்யுங்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.